பத்துப் படம் எது? வாசகர் கேள்வி - பதில்

ஆண்டுக் கடைசி இதழ் என்றால் வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த பத்துப் படங்களை எழுதி அனுப்புவார்கள். இந்த முறை பட்டியலைவிட, பட்டியல் போடுவதில் உள்ள தலைவலிகளைப் பற்றிய கேள்விகள்தான் அதிகம். அவற்றில் சில இங்கே.

கே: வருடத்துக்கு எழுபது எண்பது படம் பார்க்கிறேன். டிசம்பரில் டாப் 10 எழுத உட்கார்ந்தால் அக்டோபருக்கு அப்புறம் பார்த்தவை மட்டும்தான் ஞாபகம் வருகின்றன. பிப்ரவரியில் பார்த்த நல்ல படங்கள் எங்கே போயின?

ப: நோட்டில் இருந்திருக்க வேண்டும். தலைக்குள் தேடினால் கிடைக்காது.

படம் முடிந்த பத்து நிமிடத்துக்குள் ஐந்து விஷயம் எழுதி வையுங்கள். ஒன்று, தேதி. இரண்டு, எதில் பார்த்தீர்கள்: தியேட்டரா, டிவியா, போனா. மூன்று, எந்த நிலைமையில்: அரைத் தூக்கம், நடுவில் போன் பேசியது, இரண்டு நாளாகப் பிரித்துப் பார்த்தது எல்லாம் இதில் வரும். நான்கு, மனதில் நின்ற ஒரே ஒரு காட்சி. ஐந்து, உறுத்திய ஒரு விஷயம். கதைச் சுருக்கம் வேண்டாம். அது எங்கு தேடினாலும் கிடைக்கும்.

நான்காவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'ஒளிப்பதிவு பிரமாதம், அம்மா கேரக்டர் நெகிழ்ச்சி' என்று எழுதி வைத்தால் டிசம்பரில் அது எந்தப் படத்துக்கும் பொருந்தும். 'அம்மா வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடக்கிறாள். திரும்பி வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள். வசனம் இல்லை, இசை இல்லை, பூட்டு கதவில் இடிக்கும் சத்தம் மட்டும்' என்று எழுதியிருந்தால் பத்து மாதம் கழித்தும் படம் முழுசாக எழுந்து வரும். பார்த்ததை எழுதுங்கள், அபிப்பிராயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதோடு ஒரு ஆறாவது கட்டத்தைக் காலியாக விட்டு வையுங்கள். 30 நாள் கழித்து, முன்பு எழுதியதை கையால் மறைத்துக்கொண்டு, படத்தில் இப்போது என்ன மிச்சமிருக்கிறது என்று அங்கே எழுத வேண்டும். ஒன்றும் வரவில்லையா? காலியாகவே இருக்கட்டும். ஆண்டு முடிவில் முதல் சல்லடை இதுதான். ஆறாவது கட்டம் காலியாக உள்ள படம், அன்றைக்கு எவ்வளவு கைதட்டியிருந்தாலும், பட்டியலுக்கு வராது.

கே: படம் முடிந்த உடனே மார்க் போடுவது நல்லதா, மறுநாள் போடுவது நல்லதா?

ப: இரண்டு தடவையும் போடுங்கள். ஓர் அனுபவத்தை நாம் மதிப்பிடுவது அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்துத்தான், அது எவ்வளவு நேரம் நீண்டது என்பதற்குப் பெரிய பங்கில்லை என்று உளவியலாளர் டேனியல் கானமனும் பார்பரா ஃப்ரெட்ரிக்சனும் 1993இல் எழுதினார்கள். அவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்டதே சின்னச் சின்னப் படத் துண்டுகளைத்தான். அதனால் க்ளைமாக்ஸில் கண்ணீர் வரவழைத்துவிட்டால் நடுவில் நாற்பது நிமிடம் நெளிந்தது கணக்கில் வராமல் போகும். நேர்மாறாகவும் நடக்கும்: இரண்டு மணி நேரம் கட்டிப்போட்ட படம், கடைசிப் பத்து நிமிடம் சொதப்பினால் 'வேஸ்ட்' என்று பெயர் வாங்கும். உடனே போட்ட மார்க்குக்கும் மறுநாள் காலை மார்க்குக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், முடிவு உங்களை ஏமாற்றியிருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பக்கம் ஏமாற்றியது என்பதை மட்டும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கே: ஒரு படம் போன வருடம் திரைப்பட விழாவில் வந்தது, இந்த வருடம் தியேட்டரில் வந்தது, நான் பார்த்தது ஓடிடியில். எந்த வருடக் கணக்கில் எழுதுவது?

ப: உலகமே இதில் குழம்பித்தான் கிடக்கிறது. 'காஸபிளாங்கா' 1942 நவம்பரில் நியூயார்க்கில் முதலில் காட்டப்பட்டது; பொது வெளியீடு 1943 ஜனவரியில். சிறந்த பட ஆஸ்கர் வாங்கியது 1943ஆம் ஆண்டின் படமாக, 1944இல் நடந்த விழாவில். இன்றைக்கும் புத்தகங்களில் அது 1942 படம். சாப்ளினின் 'லைம்லைட்' கதை இன்னும் வேடிக்கை. 1952இல் வந்த அந்தப் படம் லாஸ் ஏஞ்சலஸ் தியேட்டரில் ஓடியது 1972இல்தான். அந்த ஊர் தியேட்டரில் ஓடிய வருடம்தான் ஆஸ்கருக்குக் கணக்கு என்பது அன்றைய விதி. அதனால் அதன் இசைக்கான ஆஸ்கர் 1973 விழாவில் கொடுக்கப்பட்டது.

மூன்று விதமாகக் கணக்கு வைக்கலாம். உலகில் முதன்முதலில் காட்டப்பட்ட வருடம். நீங்கள் இருக்கும் இடத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியான வருடம். நீங்கள் பார்த்த வருடம். இணையத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் முதல் வகை. அதைப் பிடித்துக்கொண்டால் விழாப் படங்களெல்லாம், நீங்கள் பார்க்க வாய்ப்பே இல்லாத வருடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது வகையில் ஐம்பது வருடப் பழைய படம் முதலிடம் பிடித்துவிடும். அது நாட்குறிப்பு, ஆண்டின் பட்டியல் இல்லை.

எங்கள் சிபாரிசு இரண்டாவது. தியேட்டரோ ஓடிடியோ, உங்கள் இடத்தில் எவரும் பார்க்கலாம் என்று வந்த முதல் நாள் எந்த வருடத்தில் விழுகிறதோ அந்த வருடம். விழாவில் மட்டும் காட்டியது கணக்கில்லை. எந்த விதியை எடுத்தாலும் பட்டியலுக்கு மேலே ஒரே வரியில் எழுதிவிடுங்கள், பாதி சண்டை குறையும். நடுவில் பிடித்த படத்துக்காக விதியை மாற்றாதீர்கள்; அடுத்த வருடம் அந்த ஒரு படம் இரண்டு பட்டியலிலும் இருக்கும், அல்லது இரண்டிலும் இருக்காது.

இன்னொன்று. பட்டியலை டிசம்பர் 31 இரவே முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கடைசி வாரம் வெளியான படங்களைப் பார்க்கவும், தவறவிட்டதைப் பிடிக்கவும் பிப்ரவரி கடைசி வரை அவகாசம் கொடுங்கள். அதற்குப் பிறகு பார்த்த போன வருடப் படம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், 'பிந்திப் பார்த்தவை' என்று தனி வரிசையில் போகட்டும்.

கே: பிடித்த படம், சிறந்த படம்: இரண்டும் ஒன்றுதானே?

ப: இல்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் கலப்பதால்தான் பல டாப் 10கள் யாருடைய குரலும் இல்லாமல் இருக்கின்றன. ஏழு படம் ஊர் பாராட்டியது, மூன்று படம் தனக்குப் பிடித்தது என்று எழுதியவரே ஒட்டுப்போட்டிருப்பார். பரீட்சை எளிது: இந்தப் படத்தைப் பற்றி எவரும் எதுவும் எழுதாமல் இருந்திருந்தால், விருதே வாங்காமல் இருந்திருந்தால், பட்டியலில் வைப்பீர்களா? தயங்கினால் எடுத்துவிடுங்கள். குறைகள் தெரிந்தும் விட மனசில்லாத படம் இருந்தால் அதுதான் 'பிடித்த படம்'. குறையையும் சேர்த்தே எழுதுங்கள், படிக்கிறவர் நம்புவார்.

கே: பார்க்கும்போது தூங்கிப்போன படத்தைப் பட்டியலில் சேர்க்கலாமா?

ப: எழுந்து மிச்சத்தையும் பார்த்தீர்களானால் சேர்க்கலாம். திட்டுவதற்கும் அதே விதிதான்.

கே: ஐந்துக்கு இத்தனை ஸ்டார் என்று போடுகிறேன். வருடக் கடைசியில் பார்த்தால் முப்பது படம் மூன்றரை ஸ்டாரில் நிற்கிறது. இவற்றை எப்படி வரிசைப்படுத்துவது?

ப: ஸ்டார் என்பது கூட்டமாகப் பிரிக்க உதவும், வரிசை போட உதவாது. மார்ச்சில் போட்ட மூன்றரையும் நவம்பரில் போட்ட மூன்றரையும் ஒரே அளவும் அல்ல. நல்ல படங்களாகப் பார்த்த மாதத்தில் கை இறுகும், மொக்கைகளாகப் பார்த்த மாதத்தில் கை தளரும்.

வரிசைக்கு நல்ல வழி இரண்டு இரண்டாக மோதவிடுவது. பத்துப் படத்தை ஒவ்வொன்றோடும் ஒவ்வொன்றையும் மோதவிட்டால் 45 மோதல். அவ்வளவு தேவையில்லை. சீட்டாட்டத்தில் கையிலுள்ள சீட்டுகளுக்கு நடுவே புதுச் சீட்டைச் செருகுகிறோமே, அதே முறைதான். துண்டுத் தாளில் ஒவ்வொரு படத்தின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டை ஒப்பிட்டு மேல் கீழாக வையுங்கள். மூன்றாவதிலிருந்து, வரிசையின் நடுவில் இருக்கும் படத்தோடு முதலில் ஒப்பிடுங்கள். ஜெயித்தால் மேல் பாதியின் நடு, தோற்றால் கீழ்ப் பாதியின் நடு. ஐந்து படம் ஏற்கெனவே வரிசையில் இருக்கும்போது ஆறாவது தன் இடத்தைப் பிடிக்க அதிகபட்சம் மூன்று கேள்வி போதும். பத்துப் படத்துக்கும் சேர்த்து 25 கேள்விக்கு மேல் போகாது.

என்ன கேள்வி கேட்கிறீர்கள் என்பது முக்கியம். 'இன்று இரவு இந்த இரண்டில் எதைப் பார்ப்பேன்?' என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் காமெடிதான் ஜெயிக்கும். மனதைப் பிசையும் படத்தை வேலை நாள் இரவில் யார் மறுபடி போடுவார்கள்? 'இரண்டில் ஒன்றின் எல்லாப் பிரதியும் இன்றோடு அழியப்போகிறது, எதைக் காப்பாற்றுவேன்?' என்று கேளுங்கள். பதில் சட்டென்று வரும். வந்த உடன் மாற்றாதீர்கள். யோசிக்க யோசிக்க நியாயம் பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஒரு சிக்கல் வரும், பயப்பட வேண்டாம். அ படம் ஆ-வை ஜெயிக்கும், ஆ படம் இ-யை ஜெயிக்கும், கடைசியில் இ படம் அ-வை ஜெயித்து நிற்கும். வட்டமாகிவிட்டது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒவ்வொரு மோதலிலும் அளவுகோலை மாற்றியிருப்பீர்கள். முதலில் நடிப்பு, பிறகு கதை, பிறகு சிரிப்பு. ஒவ்வொரு தீர்ப்புக்குப் பக்கத்திலும் ஒரே வார்த்தையில் காரணம் எழுதிக்கொண்டு வந்தால் எங்கே தடம் மாறினோம் என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் வட்டம் உடையவில்லை என்றால் மூன்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். தினம் தினம் மாறும் இடத்துக்கு நான்கு, ஐந்து, ஆறு என்று நம்பர் போட்டுத் துல்லியம் காட்டுவதில் பயனில்லை.

கே: தியேட்டரில் அசத்திய படங்கள் வீட்டு டிவியில் பார்த்தால் சீரியல் மாதிரி தெரிகின்றன. நான் வீட்டில் பார்த்த படங்களுக்கு அநியாயம் செய்கிறேனோ?

ப: செய்கிறீர்கள். படத்தின் குற்றமில்லை, டிவியின் செட்டிங். பெரும்பாலான படங்கள் வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுகின்றன. கடையிலிருந்து வந்த டிவி, இரண்டு ஃபிரேமுக்கு நடுவே தானாகவே புது ஃபிரேம்களை உருவாக்கிச் செருகுகிறது. அசைவு வழுக்கிக்கொண்டு போகும், முகங்கள் வீடியோவில் எடுத்த மாதிரி ஆகிவிடும். இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி. பிக்சர் செட்டிங்கில் நுழைந்து அதை ஆஃப் செய்யுங்கள். 2019க்குப் பிறகு வந்த சில டிவிகளில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று ஒன்று இருக்கும்; அதைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் செருகல் நின்றுவிடும், தேவையற்ற கூர்மையும் குறையும். இல்லாதவர்கள் 'சினிமா' அல்லது 'மூவி' வகையை எடுங்கள். 'விவிட்' கடையில் பளபளக்க வைப்பதற்கு. முதல் நாள் படம் மஞ்சளாக, மங்கலாகத் தெரியும். இரண்டு படம் பார்ப்பதற்குள் கண் பழகிவிடும்.

ஆஃப் செய்த பிறகு கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் சின்னத் தடுக்கல் தெரிந்தால் பழுது என்று நினைக்காதீர்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது வினாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும் திரையில், 24 சரியாக வகுபடாது. ஒரு ஃபிரேமை இரண்டு தடவையும் அடுத்ததை மூன்று தடவையும் காட்ட வேண்டியிருக்கிறது. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொன்றும் ஐந்து தடவை, கணக்கு சரியாகிவிடும்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவதைப் பார்த்து ஜூம் பட்டனை அமுக்குவது அடுத்த குற்றம். உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலம் உள்ள (2.39:1) படத்தை 1920 பிக்ஸல் அகல டிவியில் காட்டினால் உயரம் ஏறக்குறைய 803 வரிதான் வரும். 1080இல் மிச்சம் 277, மேலே பாதி கீழே பாதி. திரையில் கால்வாசி கறுப்பு என்பது கண்ணை உறுத்தும்தான். ஆனால் ஜூம் செய்தால் இரண்டு ஓரத்திலும் சேர்த்துப் படத்தில் கால்வாசி போய்விடும். ஓரத்தில் நிற்கும் நடிகர் பேசும்போது குரல் மட்டும் வரும், ஆள் இருக்க மாட்டார். பிறகு 'ஃபிரேமிங் சரியில்லை' என்று நோட்டில் எழுதுவீர்கள்.

ஒலியும் அப்படியே. பாட்டும் வெடிச்சத்தமும் காதைப் பிளக்கிறது, வசனம் கேட்கவில்லை என்பது பொதுவான புகார். பல சேனல் ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். பெரும்பாலான டிவிகளில் நடு ஸ்பீக்கரே கிடையாது, இருப்பது இடமும் வலமும்தான். அதனால் ஆடியோவில் 'சரவுண்ட்' ஜாலத்தை ஆஃப் செய்து ஸ்டீரியோ எடுங்கள், ஓடிடியில் ஸ்டீரியோ டிராக் தனியாக இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இரவில் 'நைட் மோட்' போடலாம். உரத்த சத்தத்துக்கும் மெல்லிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை அது சுருக்கிவிடும். வசனம் கேட்கும், இடி இடியாக இருக்காது. நோட்டின் மூன்றாவது கட்டத்தில் 'நைட் மோட்' என்று குறித்துவிட்டு, ஒலியமைப்பைப் பற்றித் தீர்ப்பு எழுதாமல் விடுங்கள்.

கே: வேற்று மொழிப் படங்களில் சப்டைட்டில் முன்பின்னாக வருகிறது. சரிசெய்ய வழியுண்டா?

ப: முதலில் எந்த வகைக் கோளாறு என்று பாருங்கள். படத்தின் ஆரம்பத்தில் இரண்டு வினாடி பிந்துகிறது, முடிவிலும் அதே இரண்டு வினாடிதான் என்றால் நகர்த்தினால் போதும். கம்ப்யூட்டரில் வி.எல்.சி. பிளேயரில் ஜி, எச் விசைகள் ஒவ்வொரு தட்டுக்கும் 50 மில்லி வினாடி நகர்த்தும்: ஜி முன்னால், எச் பின்னால். ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் ஃபிரேம் வேகம் பொருந்தவில்லை. 24க்காகச் செய்த சப்டைட்டிலை 25 ஃபிரேமில் ஓடும் பிரதியோடு சேர்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட பிரதியில் படமே 4 சதவீதம் வேகமாக ஓடும், 120 நிமிடப் படம் 115 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிட விலகல் வரும் என்பதால் நகர்த்திக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. 'சப்டைட்டில் எடிட்' போன்ற மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை மாற்றிப் புதிதாகச் சேமித்தால்தான் தீரும்.

நகைச்சுவைப் படத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை. அரை வினாடி முந்தி வந்த சப்டைட்டில், ஜோக்கை நடிகர் சொல்வதற்குள் சொல்லிவிடும். சிரிப்பு வராதது இயக்குநரின் தப்பா, எழுத்தின் தப்பா என்று தெரியாமலே மார்க் குறையும்.

கே: நேரமில்லை. 1.5 வேகத்தில் பார்த்துப் பட்டியல் போடலாமா?

ப: கதை தெரிந்துகொள்ளலாம், பட்டியல் போட முடியாது. ஒரு நடிகை பதில் சொல்லாமல் ஆறு வினாடி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் உங்களுக்கு அது நான்கு வினாடி. எடிட்டர் உட்கார்ந்து செதுக்கியது அந்த ஆறைத்தான். நேரமில்லாதவர்கள் குறைவான படங்களைப் பாருங்கள்.

கே: மார்ச்சில் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடிய படம், டிசம்பரில் மறுபடி பார்த்தால் சுமாராக இருக்கிறது. எந்த அபிப்பிராயத்தை நம்புவது?

ப: ஏன் இறங்கியது என்பதைப் பொறுத்தது. முடிவு தெரிந்துவிட்டதால் விறுவிறுப்பு போயிற்று என்றால் படத்தின் மேல் குற்றமில்லை. மர்மப் படங்களுக்கு முதல் தடவைதான் தீர்ப்பு. ஆனால் முதல் தடவை இசை மூடி மறைத்த ஓட்டைகள் இப்போது தெரிகின்றன என்றால் இரண்டாவது தீர்ப்புதான் சரி. தியேட்டரில் பார்த்ததை போனில் மறுபடி பார்த்துவிட்டு இறக்குவது மட்டும் கூடாது.

எல்லாவற்றையும் மறுபடி பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. முதல் மூன்று இடத்துப் படங்களைத் தொடவே வேண்டாம், அவை அங்கேதான் இருக்கப்போகின்றன. 8லிருந்து 13 வரை நிற்கும் ஆறு படங்களை மட்டும் பாருங்கள். உள்ளே வருவதும் வெளியே போவதும் அங்கேதான் நடக்கிறது. பத்துக்குள் இருப்பதை ஒரு நாள், வெளியே நிற்பதை ஒரு நாள் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள்.

கே: வெப் சீரிஸைப் பட்டியலில் சேர்க்கலாமா? குறும்படம்?

ப: சீரிஸ் வேண்டாம், அதற்குத் தனிப் பட்டியல் போடுங்கள். எட்டு மணி நேரம் பழகியவரையும் இரண்டு மணி நேரம் பார்த்தவரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. குறும்படத்துக்கு எல்லைக்கோடு வேண்டுமென்றால் ஆஸ்கர் அகாடமியின் 40 நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் முழுநீளப் படம். ஆவணப்படங்களைக் கண்டிப்பாகச் சேருங்கள். அவற்றைத் தனி வரிசையில் தள்ளுவது பழக்கமே தவிர காரணம் எதுவும் இல்லை.

கே: நண்பர்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு டாப் 10 போட்டு ஒரே பட்டியலாக்கினோம். முதலிடத்துக்கு வந்த படம் எங்களில் ஒருவருக்கும் முதலிடப் படம் இல்லை! எங்கே தப்பு?

ப: முதலிடத்துக்கு 10, பத்தாம் இடத்துக்கு 1 என்று மார்க் கொடுத்துக் கூட்டியிருப்பீர்கள். அந்த முறையின் குணம் அது. அ படத்தை ஐந்து பேரும் பார்த்து நான்காம் இடம் கொடுத்தால் 7 மார்க் வீதம் 35. ஆ படத்தை மூன்று பேர்தான் பார்த்தார்கள், மூவரும் முதலிடம் கொடுத்தால் 30. பார்க்காத இரண்டு பேரின் பூஜ்யம் ஆ-வைக் கவிழ்த்துவிட்டது. இந்த முறையில் எல்லோரும் பார்த்த படத்துக்கு எப்போதும் ஒரு கை உதவி உண்டு.

மாற்று: மொத்த மார்க்கைப் பார்த்தவர்களின் எண்ணிக்கையால் வகுங்கள். அ-வுக்கு 7, ஆ-வுக்கு 10. ஆனால் ஒரே ஒருவர் பார்த்து 10 கொடுத்த படமும் ஏறிவிடும் என்பதால், பாதிக்கு மேற்பட்டவர்கள், உங்கள் குழுவில் மூன்று பேராவது, பார்த்திருக்க வேண்டும் என்று வரம்பு வையுங்கள். பார்த்தும் பத்துக்குள் வைக்காதவரை 'பார்த்தவர்' கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். அவருடைய பூஜ்யம் உண்மையான பூஜ்யம். இதற்காகவே பட்டியல் வாங்கும்போது ஒவ்வொருவரிடமும் பார்த்த படங்களின் முழு வரிசையையும் சேர்த்து வாங்க வேண்டும்.

வரிசையே வேண்டாம் என்றும் ஒரு கட்சி உண்டு. 1952இலிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை நடத்தும் விமர்சகர் வாக்கெடுப்பில் ஒவ்வொருவரும் பத்துப் படம் சொல்கிறார்கள். முதலிடம், கடைசி இடம் எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டுதான். 1962லிருந்து 2002 வரை ஐந்து தடவை 'சிட்டிசன் கேன்', 2012இல் 'வெர்டிகோ', 2022இல் 'ழான் டீல்மான்' என்று முதலிடம் மாறியது இந்த எளிய எண்ணிக்கையில்தான். நூற்றுக்கணக்கானவர்கள் ஓட்டுப்போடும் இடத்தில் அது சரி. ஐந்து பேரில் இதைச் செய்தால் ஏழெட்டுப் படம் சமநிலையில் நிற்கும், மறுபடி சண்டைதான்.

கே: பட்டியலை எழுதி அனுப்பினால் யாரும் படிப்பதில்லை. பெயர்களைப் பார்த்துவிட்டு 'என் படம் எங்கே?' என்று மட்டும் கேட்கிறார்கள்.

ப: நீங்கள் பெயரை மட்டும் எழுதினால் அவர்கள் வேறென்ன கேட்பார்கள்? ஒவ்வொரு படத்துக்கும் 50, 60 வார்த்தை எழுதுங்கள். அதில் கதை ஒரு வாக்கியத்தைத் தாண்டக்கூடாது. மிச்சம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி. நோட்டின் நான்காவது கட்டம் இப்போது கைகொடுக்கும்.

'இந்த ஆண்டின் மிகச் சிறந்த உணர்ச்சிகரமான படைப்பு. ஒவ்வொரு ஃபிரேமும் செதுக்கப்பட்டிருக்கிறது. தவறவிடாதீர்கள்' என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். படத்தின் பெயரை மறைத்துவிட்டால் எதைப் பற்றி என்றே தெரியாது. நாங்கள் கேட்டு வாங்கிய இரண்டாவது வடிவம் இது: 'மகன் வெளிநாடு போன பிறகு அப்பா தினமும் இரண்டு தட்டு வைக்கிறார். மூன்றாவது தடவை காட்டும்போது இரண்டாவது தட்டு சின்னதாகியிருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. படம் முழுக்க இப்படித்தான்: சொல்ல வேண்டியதைப் பாத்திரங்களுக்குக் கொடுக்காமல் பொருள்களுக்குக் கொடுத்துவிடுகிறது. பாடல்கள் இரண்டும் தேவையில்லை.' கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா, அதனால்தான் முந்தைய வாக்கியங்களை நம்ப முடிகிறது.

பத்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறுங்கள், படிப்பவர் கடைசி வரை வருவார். எழுதி முடித்ததும் 'பிரமாதம், அருமை, நெகிழ்ச்சி, வேற லெவல்' நான்கையும் தேடி அடியுங்கள். அடித்த பிறகு வாக்கியத்தில் ஒன்றும் மிச்சமில்லை என்றால் வாக்கியத்தையே அடியுங்கள். இயக்குநர், ஒளிப்பதிவாளர், எடிட்டர் பெயர்களைப் படத்தின் டைட்டிலைப் பார்த்துச் சரிபாருங்கள். போஸ்டரில் எல்லோர் பெயரும் இருக்காது.

கே: முக்கியமான படங்கள் சிலவற்றை இன்னும் பார்க்கவில்லை. மறைத்துவிடலாமா?

ப: கடைசியில் 'பார்க்காதவை' என்று ஐந்தாறு பெயரைப் போட்டுவிடுங்கள். 'அந்தப் படம் ஏன் இல்லை?' என்ற கேள்விக்கு அதுவே பதில். எத்தனை படம் பார்த்துப் பத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். எண்பதில் பத்து என்றால் தேர்வு. பன்னிரண்டில் பத்து என்றால் இரண்டு படம் பிடிக்கவில்லை என்றுதான் பொருள். அந்த இரண்டைப் பற்றி எழுதுவது இன்னும் சுவாரஸ்யமாக இருக்கும்.

கே: எவ்வளவு முட்டிமோதியும் இந்த வருடம் ஏழு படம்தான் தேறுகிறது. மிச்சம் மூன்றுக்கு எங்கே போக?

ப: ஏழு போடுங்கள்.